என் கண்ணில் இல்லாத கிளை

மார்ச் 9

அண்ணாவுக்கு,

எட்டு மாதமாக நீங்கள் என் போனை எடுப்பதில்லை. "அவ வாய்க்கு என்னால ஈடு குடுக்க முடியாது, எதுவா இருந்தாலும் எழுதச் சொல்லு" என்று அண்ணியிடம் சொன்னீர்களாம். சரி. முப்பது வருடம் நோயாளிகளின் அட்டையில் எழுதிய கை, அண்ணனுக்கு நாலு வரி எழுதினால் ஒடிந்துவிடாது.

நல்ல செய்தி. போன வாரம் நீங்கள் வந்தபோது எடுத்த கண்படத்தைப் பெரிய டாக்டர் பார்த்துவிட்டார். செப்டம்பரில் விழித்திரையில் நூல்போல இறுகிக் கிடந்த சிறு இரத்தக்குழாய்கள் இப்போது விரிந்திருக்கின்றன, சுவரின் தடிப்பும் குறைந்திருக்கிறது என்கிறார். அண்ணி கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்: உடம்பைக் கீறாமல் சிறு குழாய்களைப் பார்க்க வேண்டுமென்றால் கண்ணுக்குள் பார்ப்பதுதான் சுலபம். அங்கே நன்றாக இருந்தால் கிட்னியிலும் மூளையிலும் நன்றாக இருக்கும் என்று ஓரளவு நம்பலாம்.

அப்படியென்றால் செப்டம்பரில் உங்கள் தொடை வழியாகக் குழாயை விட்டபோது கிட்னிக்குப் போகும் இரத்தக்குழாயைச் சுற்றியிருக்கும் நரம்பை நிஜமாகவே சுட்டிருக்கிறார்கள். பிரஷரை ஏற்று, ஏற்று என்று மூளையை நச்சரிக்கும் நரம்பு அது. இது ஆராய்ச்சி என்பதால் பாதிப் பேருக்குத்தான் சுடுவார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மீதிப் பேருக்கு வெறுமனே குழாயை விட்டு எடுத்துவிடுவார்கள். யாருக்கு எது என்பது எனக்கும் தெரியாது. ஒட்டிய உறைக்குள் இருக்கிறது, ஏப்ரல் கடைசியில்தான் பிரிப்பார்கள்.

கூட ஒரு படிவம் வைத்திருக்கிறேன். வெறும் குழாய் விட்டவர்களுக்கு, விருப்பம் இருந்தால், இப்போது நிஜச் சிகிச்சை செய்வார்கள். மே 5க்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். உங்களுக்குத் தேவைப்படாது. இருந்தாலும் எல்லாருக்கும் அனுப்புவது முறை.

நீங்கள் மனுப் போட்டுக் கேட்ட இரண்டு கண்படங்களின் நகலும் இத்துடன் இருக்கின்றன. தன் கண்ணின் படத்துக்கு மனுப் போட்ட ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

அடுத்த தடவையாவது லாட்ஜில் தங்காமல் வீட்டுக்கு வாருங்கள்.

தங்கை


மார்ச் 16

அன்புள்ள தங்கைக்கு,

கடிதமும் படங்களும் படிவமும் கிடைத்தன. நன்றி. நல்ல செய்தியை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளத்தான் முயன்றேன். ஒரு வாரம் முயன்றேன்.

காலையும் மாலையும் ஐந்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்து, கையை நெஞ்சுயரத்தில் வைத்துத்தான் அழுத்தம் பார்க்கிறேன். செப்டம்பருக்கு முந்தைய ஒரு மாதத்தின் சராசரி 168. இந்த மாதச் சராசரி 166. ஐந்து மாத்திரைகளும் தவறவில்லை. (தவறவில்லை என்பது உனக்கே தெரியும். சிறுநீரைப் பரிசோதித்துத் தெரிந்துகொண்டாய்.) ஜனவரியிலிருந்து வலக்கண்ணில் ஒரு ஓரம் புகைபோல மறைகிறது. இங்கே இருக்கும் டாக்டர், சிறுநீரில் புரதம் முன்னைவிட அதிகம் போகிறது, இப்படியே விட்டால் கிட்னி ரொம்ப நாள் தாங்காது என்றார். சிறு குழாய்கள் சரியாகிவிட்டன என்றால் இவையெல்லாம் ஏன்?

படங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நில அளவை வரைபடப் பிரிவில் முப்பத்துநான்கு வருடம் மற்றவர்கள் வரைந்ததை மூலத்தோடு ஒப்பிடுவதுதான் என் வேலை என்பது உனக்குத் தெரியும். வேறு எதிலும் நான் கெட்டிக்காரன் இல்லை. செப்டம்பர் படத்தில், குழாய்களெல்லாம் புறப்படும் மஞ்சள் வட்டிலிருந்து கீழே இறங்கும் குழாய் இரண்டு இடத்தில் கவடாகப் பிரிகிறது. மார்ச் படத்தில் மூன்று இடத்தில் பிரிகிறது. மூன்றாவது கிளை ஓரம்வரை நன்றாக நீண்டு போகிறது. ஆற்றுக்கு ஆறு மாதத்தில் கிளை முளைப்பதில்லை. குழாய்க்கு முளைக்குமா?

முளைக்காது என்றால் இரண்டாவது படம் என் கண் இல்லை. யாரோ மாற்றிவிட்டார்கள். தெரியாமல் மாற்றினார்களா, ஆராய்ச்சி நன்றாக வரவேண்டும் என்று தெரிந்தே மாற்றினார்களா என்று நான் சொல்ல வரவில்லை. உன்னைச் சொல்லவில்லை. நான் தவறாகவும் பார்த்திருக்கலாம்.

அண்ணன்


மார்ச் 21

அண்ணாவுக்கு,

"உன்னைச் சொல்லவில்லை" என்று எழுதினால் யாரைச் சொல்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா? அந்த ஆராய்ச்சியில் கோப்பு வைத்திருப்பது யார்? படத்துக்கு எண் ஒட்டுவது யார்? இந்த ஆஸ்பத்திரியிலேயே உங்களுக்குத் தெரிந்த "யாரோ" ஒரே ஒருத்தி.

குழாய் முளைக்காது. அதனால் நீங்கள்தான் தவறாகப் பார்த்திருக்கிறீர்கள். கேமராவில் கண்ணைக் கொஞ்சம் மேலே வைத்தால் கீழே அதிகம் தெரியும், கீழே வைத்தால் குறைவாகத் தெரியும். இல்லையென்றால் தலைகீழாகப் பிடித்துப் பார்த்திருப்பீர்கள். அண்ணியிடம் போனில் கேட்டேன். "ரெண்டு நாளா சாப்பாட்டு மேசை முழுக்க உங்க அண்ணன் கண்ணுதான். தட்டு வைக்க இடமில்ல. சோத்தப் போட்டா தன்னையே முறைச்சுப் பாக்குற மாதிரி இருக்குன்னு சாப்பிடவும் மாட்டேங்கிறார்" என்றாள்.

சிறுநீர்ப் பரிசோதனையை அடைப்புக்குறிக்குள் போட்டு எழுதியதையும் படித்தேன். ஐந்து மாத்திரை எழுதிக் கொடுத்தும் பிரஷர் இறங்காத பத்துப் பேரில் நாலைந்து பேர் மாத்திரையை விழுங்குவதே இல்லை. அண்ணா என்பதற்காக உங்களை விட்டுவிட்டால் அது பரிசோதனை இல்லை. உங்கள் சிறுநீரில் ஐந்து மருந்தும் இருந்தது, நானும் டாக்டரிடம் தலைநிமிர்ந்து சொன்னேன். அதை மட்டும் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கிறது, சொல்லட்டுமா? உறை பிரித்து வெறும் குழாய் என்று வந்துவிட்டால் மறுபடி அந்த மேசையில் படுக்க வேண்டியிருக்கும். பயமாக இருக்கிறது. அதற்கு இப்போதே காரணம் தேடுகிறீர்கள். ஆஸ்பத்திரியே பித்தலாட்டம் என்று ஆக்கிவிட்டால் கையெழுத்துப் போட வேண்டியதில்லையே.

தங்கை


மார்ச் 28

அன்புள்ள தங்கைக்கு,

பயமாக இருப்பது உண்மை. செப்டம்பரில் கண்ணில் மயக்கம் ஏறுவதற்கு முன், மேலே இருந்த விளக்கு வளையத்தில் எத்தனை பல்பு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழுவரை எண்ணினேன். எட்டாவது இருந்ததா என்று இன்னும் யோசிக்கிறேன். ஆனால் பயம் வேறு, கவடு வேறு.

தலைகீழாகப் பிடிக்கவில்லை. உன் கடிதம் வந்த பிறகு, அதையும் நான் செய்திருப்பேனோ என்று மறுபடி பார்த்தேன். இரண்டு படங்களையும் மெல்லிய வரைதாளில் தனித்தனியாக எடுத்தேன். மஞ்சள் வட்டோடு மஞ்சள் வட்டு பொருந்தும்படி ஒன்றன்மேல் ஒன்று வைத்தேன். பொருந்தவில்லை. கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பினேன், இடதும் வலதும் மாறியிருக்கலாம் என்று. பொருந்தவில்லை. கேமரா மேலே கீழே நகர்ந்தால் படம் நகரும். கவடுகளுக்கு இடையே உள்ள தூரம் மாறாது. அந்தத் தாள்களை இத்துடன் அனுப்புகிறேன். வெளிச்சத்துக்கு எதிரில் பிடித்து நீயே பார். நான் தவறாக இருந்தால் எனக்குத்தான் நிம்மதி.

ஒன்று சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், ஒரு ஓடை எல்லைக்கோட்டின் தவறான பக்கத்தில் வரையப்பட்டிருந்ததை ஒப்பிடும்போது பார்த்தேன். வரைந்தவர் என்னைவிடப் பெரியவர். அவர் தவறாக வரைவாரா, நான்தான் தவறாகப் பார்க்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்த ஓடைக்காக இரண்டு குடும்பம் பல வருடம் கோர்ட்டுக்கு அலைந்தது. இதை உன் அண்ணிக்குக்கூடச் சொன்னதில்லை.

அதனால் பெரிய டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். இன்னும் தபாலில் போடவில்லை, மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதில் உன் பெயர் இல்லை. ஆனால் படத்துக்கு எண் ஒட்டியவர் யார் என்று கேட்டிருக்கிறேன். அன்று நீ எண்ணை ஒட்டும்போது ஏதாவது நடந்ததா? இருந்தால் எனக்கு முதலில் எழுது.

அண்ணன்


ஏப்ரல் 6

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தபாலில் போட வேண்டாம். நானே பெரிய டாக்டரிடம் போய்விட்டேன்.

வரைதாளை வார்டு ஜன்னலில் ஒட்டிப் பார்த்தேன். பத்து நிமிடம் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. அது உங்கள் கண் இல்லை.

பெரிய டாக்டர் தாளைத் தானும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதை வரைந்தது யார்?" என்றார். "என் அண்ணன், வரைபடப் பிரிவில் இருந்தவர்" என்றேன். "உங்க அண்ணன எங்ககிட்ட வேலைக்கு அனுப்புங்க" என்று சிரித்தார். சிரித்துவிட்டு அறைக் கதவைச் சாத்தினார். விசாரணை முடியும்வரை ஆராய்ச்சிக் கோப்புகளை நான் தொடக்கூடாது என்றார். அவர் சொன்னது முறைதான். சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இருபத்திரண்டாம் எண் என்று ஒருவர் இருக்கிறார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அவருடைய மார்ச் படமும் செப்டம்பர் படத்தோடு ஒத்துப்போகவில்லை. உங்களதும் அவருடையதும் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். அவருக்கு பிரஷர் நன்றாக இறங்கியிருந்தது. படத்தில் மட்டும் குழாய் மோசமாகியிருந்தது. உங்களுக்கு நேர்மாறு. பெரிய டாக்டருக்கே புரியவில்லையாம், ஆராய்ச்சி என்றால் அப்படித்தான் என்று விட்டிருக்கிறார்.

அந்த டிரைவரிடம், "சிறு குழாய் மோசமாகிவிட்டது" என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம். "அப்ப உங்க மெஷின்ல பிரஷர் குறைஞ்சதும் பொய்தான்" என்று சொல்லிவிட்டுப் போனவர், இரண்டு வாரமாக வரவில்லை. மாத்திரையையும் நிறுத்திவிட்டார் என்று அவர் மருமகள் போனில் சொன்னாள். இப்போது எனக்கு என் வேலையைவிட அவர்தான் மனதில் நிற்கிறார்.

என் பக்கம் இதுதான்: உறவுக்காரர் வருகிற நாளில் நான் கேமரா அறைப் பக்கமே போகக்கூடாது என்பது விதி. அன்று நான் மாடியில் இருந்தேன். கேமராவில் இருந்தது புதிதாக வந்த பெண். எண்ணைக் கூப்பிட்டு, உட்காரவைத்து, எடுத்த உடனே எண் பதிவாகிவிடும். நான் ஒட்டியது அந்த எண்ணைப் பார்த்துத்தான். எல்லாரும் என் கையைத்தான் பார்க்கிறார்கள். நான் சாப்பாட்டு அறைக்குள் போனால் பேச்சு நிற்கிறது.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்று உள்ளே என்ன நடந்தது? யார் முன்னால் போனது, யார் பின்னால்? உங்களுக்கு நினைவிருக்கும். உங்களுக்கு எல்லாம் நினைவிருக்கும்.

தங்கை


ஏப்ரல் 10

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தில் "டிரைவர்" என்ற சொல்லைப் படித்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். பிறகு வந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

காத்திருக்கும் அறையில் எல்லார் கண்ணிலும் சொட்டு மருந்து விட்டார்கள். விளக்கைக் குறைத்துவிட்டார்கள். எனக்கு எல்லாம் வெள்ளையாகக் கலங்கியது. கையிலிருந்த சீட்டைப் படிக்க முடியவில்லை. பக்கத்தில் ஒரு தடித்த மனிதர். முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டினேன், ஒருத்தர்மேலும் இடித்ததில்லை, ஆனால் இந்த பிரஷர் மட்டும் என் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது என்றார். கொஞ்ச நேரத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார்.

அந்தப் பெண் கதவைத் திறந்து "இருபத்திரண்டு" என்றாள். யாரும் எழவில்லை. மறுபடி கூப்பிட்டாள். மூன்றாவது முறை, "யாருங்க அது? வர்றீங்களா இல்லையா? எவ்வளவு பேர் காத்திட்டிருக்காங்க!" என்றாள்.

என் எண் பதினேழு. எனக்கு மனப்பாடம். ஆனால் அவள் மூன்று முறை கூப்பிட்டு, யாரும் எழவில்லை என்றால் அது நானாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. இன்றைக்கு வேறு எண் கொடுத்திருப்பார்கள், சீட்டில் அப்படித்தான் இருக்கும், நான் படிக்காமல் விட்டிருப்பேன் என்று நினைத்தேன். எழுந்து போனேன். "இருபத்திரண்டு நீங்கதானே?" என்று கேட்டாள். "ஆமாம்மா, மன்னிச்சுக்கோ" என்றேன். தாடையை வைத்தேன். படம் எடுத்தாள்.

ஐந்து வாரமாக இது எனக்கு மறந்துபோகவில்லை. அதைத்தான் நீ புரிந்துகொள்ள வேண்டும். ஆனால் யாரையும் காக்கவைக்காமல் எழுந்துபோன நல்ல குணம் என்றுதான் அதை நினைத்திருந்தேன், தவறு என்று அல்ல. நீ டிரைவர் என்று எழுதியபிறகுதான் அவர் முகம் வந்தது. உன்னைச் சந்தேகித்தேன், அந்தப் பெண்ணைச் சந்தேகித்தேன், பெரிய டாக்டரைக்கூட. அந்த அறையில் யார் யார் இருந்தார்கள் என்று தாளில் எழுதிப் பட்டியல் போட்டேன். அதில் என்னைச் சேர்க்கவில்லை.

இதே விவரத்தைப் பெரிய டாக்டருக்கு எழுதி, கையெழுத்திட்டு, இன்று காலை பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். மேசை இழுப்பறையில் இருந்த பழைய கடிதத்தைக் கிழித்துவிட்டேன். அந்த டிரைவரை யாராவது உடனே போய்ப் பார்க்க வேண்டும். நான் வரலாமா?

அண்ணன்


ஏப்ரல் 27

அண்ணாவுக்கு,

வர வேண்டாம், நான் போய்விட்டு வந்தேன்.

உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் முதலில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? தங்கையைக் காப்பாற்ற அண்ணன் கதை கட்டுகிறார் என்று தோன்றியது. இவ்வளவு கச்சிதமாக வேறு யார் கட்டுவார்கள்? பெரிய டாக்டரும் அப்படித்தான் நினைத்தார் போலிருக்கிறது. "உங்க அண்ணன் உங்கமேல ரொம்பப் பிரியமோ?" என்று கேட்டார். "ஒம்பது மாசமா போனை எடுக்கல சார்" என்றேன்.

டிரைவர் வீட்டில் போய் விஷயத்தைச் சொன்னதும் அவர், "ஏம்மா, என் கண்ண வேற ஆளுக்குக் குடுத்துட்டு எனக்கு யார் கண்ணம்மா குடுத்தீங்க?" என்று கத்தினார். பிறகு அவரே சொன்னார்: "முழிச்சுப் பாத்தா பக்கத்துல இருந்த பெரியவரைக் காணோம். அந்தப் பொண்ணு 'நீங்கதான் பாக்கி, வாங்க'ன்னு கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போச்சு. ஏன், அந்தப் பெரியவர் என்னைத் தட்டி எழுப்பியிருக்கக் கூடாதா?" அதோடு உங்கள் கதை உண்மை என்று ஆகிவிட்டது. அன்று அவருக்கு பிரஷர் 194. மாத்திரையை என் எதிரில் விழுங்கவைத்துவிட்டுத்தான் வந்தேன். நேற்று 150க்கு வந்துவிட்டார்.

அவருக்கு மறுபடி படம் எடுத்தோம். அந்த மூன்றாவது கிளை அவருடையது. இருபத்திரண்டாம் எண்ணில் பதிவான மார்ச் படம் உங்களது, உங்கள் செப்டம்பர் படத்தோடு அச்சாகப் பொருந்துகிறது. பெரிய டாக்டர் பார்த்தார். குழாய்கள் இன்னும் இறுகியிருக்கின்றன, அண்ணா. வலப்பக்க ஓரத்தில் ஒரு சிறு கசிவும் இருக்கிறது. அதுதான் உங்கள் புகை.

நேற்று உறையைப் பிரித்தார்கள். டிரைவருக்கு நரம்பைச் சுட்டிருக்கிறார்கள். உங்களுக்கு விட்டது வெறும் குழாய்.

சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது எண்ணோடு பெயரையும் கேட்கிறோம், சீட்டைப் பார்க்காமல் யாரையும் உட்காரவைப்பதில்லை. ஆனால் பதினெட்டு நாள் என்னைப் பார்த்தவர்களின் பார்வை இன்னும் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எடுத்தாளா, மாற்றினாளா, மறைக்கிறாளா. ஜூலையில் நான் உங்கள் சிறுநீரைக் கேட்டு வாங்கியபோது உங்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. எழுதிவிட்டேன்.

ஆனாலும் கோபம் போகவில்லை. ஓடையைத் தவறாக வரைந்த அந்தப் பெரியவரிடம் வாயைத் திறக்காத நீங்கள், என்னிடம் மட்டும் எவ்வளவு தைரியமாகச் சந்தேகப்பட்டீர்கள்!

படிவம் மே 5க்குள் வர வேண்டும். செய்தால் எல்லாருக்கும் இறங்கும் என்று நான் சொல்லமாட்டேன். சிலருக்கு ஒன்றும் ஆவதில்லை. டிரைவருக்கு ஆனது உங்களுக்கும் ஆகும் என்று எந்த உறையிலும் எழுதியிருக்கவில்லை. ஆனால் இப்படியே விட்டால் என்ன ஆகும் என்பது படத்தில் இருக்கிறது. இந்த முறை அது உங்கள் படம்தான், நகல் இத்துடன் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் வரைதாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

தங்கை


மே 1

அன்புள்ள தங்கைக்கு,

வரைதாள் எடுத்தேன். பொருந்துகிறது. கோபித்துக்கொள்ளாதே.

டிரைவருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். எழுப்பாமல் போனதற்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். உன்னிடம் எப்படிக் கேட்பது என்று மூன்று நாளாக யோசித்தேன். நீ சொன்னது சரி. யாரிடம் பயம் இல்லையோ அவர்களைத்தான் நான் சந்தேகப்படுகிறேன். உன்னிடம் எனக்குப் பயம் இருந்ததே இல்லை. இதை மன்னிப்பாக எடுத்துக்கொள்ள முடியுமா என்று தெரியவில்லை. முடிந்தால் எடுத்துக்கொள்.

படிவத்தை நான்கு தடவை படித்தேன். கடைசியில் "முழுவதும் படித்துப் புரிந்துகொண்டேன்" என்று ஒரு வரி இருக்கிறது. படித்தேன் என்று சொல்லலாம். புரிந்துகொண்டேன் என்று சொல்ல முடியாது. இரத்தக்குழாயின் வெளியே இருக்கும் நரம்பை உள்ளே இருந்து எப்படிச் சுடுகிறார்கள், சுட்ட நரம்பு மறுபடி வளராது என்று எப்படித் தெரியும், இரண்டுக்கும் அதில் பதில் இல்லை. இந்த முறையும் வெறும் குழாயை விட்டு எடுத்துவிட்டால் எனக்கு எப்படித் தெரியும் என்று உன் அண்ணியிடம் கேட்டேன். "உங்களுக்குத் தெரியாது. அதுக்குத்தான் தங்கச்சி இருக்கா. போடுங்க கையெழுத்த" என்றாள். போட்டுவிட்டேன். இத்துடன் இருக்கிறது.

எட்டாம் தேதி காலைப் பேருந்தில் கிளம்புகிறோம். மதியம் இரண்டு மணிக்கு அங்கே வந்து சேரும். லாட்ஜில் சொல்லவில்லை.

என் கடிதங்களை ஒரு தடவை எழுதி, திருத்தி, பிறகு நல்ல தாளில் பிரதி எடுத்துத்தான் உனக்கு அனுப்புவேன். நீ ஒரு அடித்தலைக்கூடப் பார்த்திருக்கமாட்டாய். இதைப் பிரதி எடுக்கவில்லை. மேலே இரண்டு மணி என்று எழுதியதற்குப் பக்கத்தில் "நீ பேருந்து நிலையத்துக்கு வர வேண்டாம்" என்று ஒரு வரி எழுதி, பிறகு அடித்திருக்கிறேன். கோட்டுக்குக் கீழே எழுத்து தெரியும். நான் என்ன எழுதினேன் என்பதைப் பார்க்காதே, அடித்திருக்கிறேன் என்பதைப் பார்.

அண்ணன்